கண்ணாடித் தொட்டியிற் கடலொளி

நெடுந்தீவுக்குச் சென்று மீண்டோர், அத்தீவின் வளவுகளைச் சூழ்ந்து நிற்கும் முருகைக்கல் மதில்களைக் கண்டிருப்பர். சாந்து பூசப்படாது ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட அக்கற்கள் ஒரு காலத்தில் உயிர்களின் உறைவிடமாக விளங்கியவை. முருகை என்பது இயல்பிற் கல்லுமன்று, செடியுமன்று. சொறிமுட்டை இனத்துக்கு உறவான விலங்கேயாம். பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய உடல்கள் பல கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள கல்சியத்தைப் பிரித்தெடுத்து, தமக்கெனக் கட்டிய சுண்ண மாளிகையே மதிலில் எஞ்சியிருக்கும் கல்.

இவ்வுயிர்களைக் கடல்நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் முயற்சி ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான் முதலிய நாடுகளிற் பெரிதும் பரவியுள்ளது. கடல்நீரை உப்புக் கலவையால் ஆக்கிக் கொள்ளலாம். நீரோட்டத்தைச் சிறு பம்பியால் உண்டாக்கலாம். ஒளியை அளிப்பதே பெருஞ் செலவுக்குரிய கருமமாகும். ஆதலின், புதிதாக இம்முயற்சியில் இறங்குவோர், "விலை குறைந்த விளக்கு யாது?" என்றே முதலில் வினவுகின்றனர். முறைப்படி நோக்கின் இஃது இறுதியில் எழுப்பவேண்டிய வினாவாகும். முருகைக்கு ஒளி எதன்பொருட்டு வேண்டும், எந்நிறத்தில் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்னும் மூன்றும் தெளிந்த பின்னரே விலையைப் பற்றிய ஆராய்ச்சி பயன்தரும்.

ஒளி எதன்பொருட்டு வேண்டும்? பார்களை ஆக்கும் முருகைகளின் உடற்கலங்களுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. இவற்றுக்கு 1881 இல் சூசாந்தெல்லா என்னும் பெயரை இட்டவர் காள் பிராண்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர். அல்கா ஒளித்தொகுப்பினால் உணவை ஆக்கி அதன் பெரும்பகுதியைத் தன்னைத் தாங்கும் முருகைக்கு அளிக்கின்றது. முருகையோ தன் கழிவுப் பொருள்களையும் காபனீரொட்சைட்டையும் அல்காவுக்கு அளிக்கின்றது. 1928-29 ஆம் ஆண்டுகளில் சீ. எம். யங் தலைமையில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக்கற்பாருக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், முருகைகளை ஒளி புகாத பெட்டிகளில் வைத்து ஆராய்ந்தபோது அவை தம்முள்ளிருந்த அல்காக்களை இழந்து வெளிறினமை கண்டனர். பின்னர், யமேக்காவில் ஆராய்ச்சி நடத்திய தோமசு கோரோ, கதிர்த்தொழிற்பாடுடைய கல்சியத்தைப் பயன்படுத்தி, முருகை இருளிலும் ஒளியிலேயே விரைவாகச் சுண்ணத்தைப் படியவிடுகின்றது என்பதை 1959 இல் நிறுவினார். எனவே முருகைக்கு ஒளி வெறும் அலங்காரமன்று. அதுவே சோறு, அதுவே வீடு கட்டும் வலிமை.

இனி, நிறத்தைப் பற்றி நோக்கற்பாலது. கடல்நீர் சூரிய ஒளியின் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உள்ளே செல்ல விடுவதில்லை. செந்நிறம் மேற்பரப்பையடுத்த சில மீற்றர் ஆழத்துள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். நீலநிறமோ ஆழச் செல்லும். அந்நீல ஒளியிலே வாழப் பழகிய அல்காக்கள், குளோரபிலோடு பெரிடினின் என்னும் நிறப்பொருளையும் உடையனவாய், 400 முதல் 550 வரையான நானோமீற்றர் அலைநீள ஒளியை நன்கு பயன்படுத்துகின்றன. ஆகவே 450 நானோமீற்றரையொட்டிய நீலம் மிகுந்த விளக்கே தக்கது. அதனுடன் சிறிது வெண்ணொளியைக் கலத்தல் பார்ப்போர் கண்ணுக்கு இயற்கைத் தோற்றத்தைத் தரும். நீல ஒளியில் முருகைகள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சுடர்விடுதல் காணத்தக்க அழகேயெனினும், அச்சுடர் நலத்துக்குச் சான்றாகாது.

அளவைப் பற்றியே பலரும் தவறிழைக்கின்றனர். மனிதக் கண் 555 நானோமீற்றரையொட்டிய பச்சையொளியையே மிகக் கூர்மையாக உணரும். நீலத்தை மங்கலாகவே உணரும். லூமன், லக்சு என்னும் அளவைகளும் மனிதக் கண்ணை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டவையே. ஆதலின் கண்ணுக்குப் பளிச்சிடும் மஞ்சள்சார் விளக்கின் கீழ் முருகை பட்டினி கிடக்கலாம். மங்கலாய்த் தோன்றும் நீல விளக்கின் கீழ் அது செழிக்கலாம். உயிரியலார் கொள்ளும் அளவை வேறு. 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளியில், ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு செக்கனில் விழும் போட்டன்களை மைக்குரோமூலிற் கணிப்பதே அது. அயனமண்டல நண்பகல் வெயில் அவ்வளவையில் ஏறக்குறைய 2,000 ஆகும். தொட்டியில் வளர்ப்போர் அனுபவத்தில், மென்முருகைகளுக்கு 50 முதல் 150 வரையும், பெரும்பொலிப்புக் கல்முருகைகளுக்கு 100 முதல் 200 வரையும், கிளைவிடும் சிறுபொலிப்புக் கல்முருகைகளுக்கு 200 முதல் 350 வரையும் போதுமெனக் கொள்ளப்படுகின்றது. இவ்வெண்கள் விதியல்ல, வழிகாட்டியே.

இம்மூன்றும் தெளிந்தபின் விளக்குகளை ஒப்பிடுதல் எளிது. முற்காலத்தில் இத்துறையில் முதலிடம் பெற்றிருந்தது உலோக ஏலைட்டு விளக்கு. அதன் ஒளி வெயிலைப் போல நீரினூடே அசைந்தாடும். ஆயின் வெப்பம் மிகுதி. அடுத்தது மெல்லிய ஒளிர்குழாய். அது நிழல் விழாது சமமாகப் பரவும் ஒளியைத் தருவது. எனினும் ஆண்டுக்கொருமுறை குழாய்களை மாற்றவேண்டும். பொது விளக்கேற்றத்துக்கான இத்தகைய குழாய்களை 2023 ஆகத்து மாதம் தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியம் இரசத்தின் கேடு கருதி விலக்கியுள்ளமையால், அவற்றை நம்பித் தொடங்குதல் எதிர்காலத்துக்கு உகந்ததன்று. மூன்றாவது, எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி. 1993 இல் ஒளிமிக்க நீல இருவாயி யப்பானில் ஆக்கப்பட்ட பின்னரே இதற்கு வழி பிறந்தது. அவ்வாக்கத்துக்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுறா என்போர் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

நான்கடி நீளமான தொட்டியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 250 வாற்று ஏலைட்டு விளக்குகள் இரண்டு நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரியின், ஆண்டுக்கு 1,460 அலகு மின்சாரம் செலவாகும். 54 வாற்று ஒளிர்குழாய்கள் நான்கு 10 மணி நேரம் எரியின், ஏறக்குறைய 788 அலகு. 150 வாற்று இருவாயி விளக்கு அதே 10 மணி நேரம் எரியின், ஏறக்குறைய 548 அலகு. ஏலைட்டு விளக்கின் வெப்பத்தைத் தணிக்க வெப்பநாடுகளிற் குளிரூட்டியும் வேண்டப்படும். குழாய்களுக்கு ஆண்டுதோறும் மாற்றுச் செலவுண்டு. எனவே கடையில் எழுதப்பட்ட விலை செலவின் ஒரு பகுதியே. மூன்றாண்டு மின்கட்டணத்தையும் மாற்றுச் செலவையும் அதனோடு கூட்டி வருவதே உண்மை விலையாகும்.

விளக்கைத் தொடாமலே செலவைக் குறைக்கும் வழிகளும் உள. ஒளி கீழிறங்குந்தோறும் பரந்து குறைவதால், 60 சதமீற்றர் ஆழத் தொட்டிக்கு வேண்டிய விளக்கினும் வலிமை குறைந்த விளக்கு 35 சதமீற்றர் ஆழத் தொட்டிக்குப் போதும். மூடு கண்ணாடியிற் படியும் உப்பை நாள்தோறும் துடைத்தால் வீணாகும் ஒளி மீளும். ஒளி விரும்பும் இனங்களை மேற்பகுதியிலும் ஏனையவற்றைக் கீழும் வைத்தால் ஒரே விளக்கு இரு சாராருக்கும் பயன்படும். எல்லாவற்றினும் மேலானது, இயலும் விளக்குக்கேற்ற முருகையைத் தெரிந்துகொள்வது. மென்முருகைகள் எளிய ஒளியிலும் வாழ்வன. நீலவகை மிகுந்த குளிர்வெண் இருவாயி விளக்குகள், ஆழங்குறைந்த தொட்டியில் அவற்றுக்குப் போதுமானவை. தனி நீல விளக்கொன்றைச் சேர்த்தல் இன்னும் நன்று.

வெயிலினும் மலிவான ஒளி வேறில்லை. யகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறைகளும் காற்றுக் குமிழிகளும் இயற்கை ஒளியும் கொண்டு முருகைகளைத் தொட்டியில் வளர்த்த முறையை 1961 இல் வெளியிட்டார். இக்கலைக்கு முன்னோடி அவரே எனலாம். ஆயினும் நேர்வெயில் சிறு தொட்டியின் நீரை விரைவிற் சூடேற்றும்; வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டி நிலைத்தல் முருகைக்குத் தீதாம்.

மலிவான விளக்கை வாங்குவோர் சில பண்புகளை விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வேண்டும். வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தட்டு வேண்டும். உப்புநீர் தெறிப்பினின்றும் மின்னிணைப்புகளுக்குக் காப்பு வேண்டும். கசிவு ஏற்பட்டவுடன் மின்னைத் துண்டிக்கும் ட்றிப் சுவிச்சு இன்றிக் கடல்நீர்த் தொட்டியின்மேல் விளக்கை அமைத்தல் உயிருக்கே ஆபத்தாம்; சிக்கனம் அவ்விடத்திற் செல்லாது. போட்டன்களை அளக்கும் கருவி விலையுயர்ந்ததாகையால், பலர் கூடி ஒன்றை வாங்கி மாறிமாறிப் பயன்படுத்தல் நன்று.

புதிய விளக்கை முதல்நாளே முழுவலிமையுடன் ஏற்றலாகாது. குறைந்த ஒளியிற் தொடங்கிச் சில வாரங்களிற் படிப்படியாக உயர்த்துதல் வேண்டும். முருகை கபில நிறமாய் இருண்டு வளர்ச்சி குன்றின் ஒளி போதாமையையும், மேற்புறம் வெளிறின் ஒளி மிகுதியையும் ஐயுறலாம். பட்டினி கிடக்கும் முருகை ஒரே நாளில் இறப்பதில்லை. வாரக்கணக்கில், ஒலியின்றி மெலியும். தவற்றை உணருமுன் காலங் கடந்துவிடுதல் அதனாலேயே.

1998 இற் கடல்வெப்பம் உயர்ந்தபோது இலங்கையைச் சூழ்ந்த பார்கள் பலவற்றில் முருகைகள் அல்காக்களை இழந்து வெளிறி மடிந்தன. இந்நாட்டுக் கரையோரத்தில் முருகையை அகழ்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது; கல்முருகைகளின் சர்வதேச வணிகமும் உடன்படிக்கையொன்றாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இத்துணை அரிய உயிரைத் தொட்டியில் வளர்க்கத் துணிவோர், வளர்ப்பிடங்களில் வெட்டிப் பெருக்கப்பட்ட துண்டுகளையே கொள்ளுதல் கடன். அங்ஙனம் கொண்டபின், போதாத விளக்கின் கீழ் அதனை வெளிற விடுவது கடலில் நிகழும் அழிவை வீட்டினுள்ளே மீண்டும் நிகழ்த்துவதாகும். குறைந்த விலையுடைய விளக்கு சிக்கனமானதன்று; முருகையை உயிரோடு வைத்திருக்கும் விளக்குகளுட் குறைந்த செலவுடையதே சிக்கனமானது.