கை கால் நீளம், தலை மட்டும் குட்டி... எல்லா ஆப்பிலும் ஒரே மாதிரி பொம்மைகள் வருவது ஏன்?

புதிதாக ஒரு ஆப் இன்ஸ்டால் செய்கிறீர்கள். உள்ளே போனதும் ஊதா நிறத் தோலோடு ஒரு பெண் கை அசைக்கிறாள். கை, கால் எல்லாம் ரப்பர் மாதிரி நீளம், தலை மட்டும் எலுமிச்சம்பழ சைஸ். முகத்தில் மூக்கு இருந்தால் வாய் இருக்காது. பணம் அனுப்பும் ஆப், சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப், ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப் என எதைத் திறந்தாலும் இவளுடைய ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள்தான் வரவேற்கிறார்கள்.

இந்தத் தட்டையான, விளையாட்டுத்தனமான படங்களுக்கு 'ஃபிளாட் இலஸ்ட்ரேஷன்' என்று பெயர். இது எங்கிருந்து வந்தது? சொந்தமாக ஆப், பிராண்ட் தொடங்குபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாமா? எங்கே இது சிக்கலாகும்? பார்ப்போம்.

ஃபிளாட் என்றால் என்ன?

நிழல் இல்லை, பளபளப்பு இல்லை, ஆழம் இல்லை. கலர் பேப்பரை வெட்டி ஒட்டியது போல ஒரே சீரான நிறங்கள், எளிய வடிவங்கள். அவ்வளவுதான் ஃபிளாட்.

பழைய ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு இதற்கு நேர் எதிரான ஸ்டைல் ஞாபகம் இருக்கும். நோட்ஸ் ஆப் திறந்தால் மஞ்சள் நிறக் கோடு போட்ட தாள், புத்தக ஆப் திறந்தால் மர அலமாரி. நிஜப் பொருளை அப்படியே திரையில் காட்டும் அந்த முறைக்கு 'ஸ்கியூமார்ஃபிசம்' என்று பெயர். டச் ஸ்க்ரீன் பழகாத மக்களுக்கு அது ஒரு கைத்தாங்கலாக இருந்தது.

மக்கள் பழகிய பிறகு அந்த அலங்காரம் சுமையானது. 2010-ல் விண்டோஸ் ஃபோன் 7 வெறும் கலர் கட்டங்களோடு வந்தது. 2013-ல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 பழைய தாள், மரம், தோல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது. 2014-ல் கூகுள் தன் 'மெட்டீரியல் டிசைன்' விதிகளை வெளியிட்டது. திரை தட்டையானதும் அதற்குள் வரும் படங்களும் தட்டையாகின.

நீளக் கை பொம்மைகள் எப்போது வந்தன?

2017-ல் ஃபேஸ்புக் நிறுவனம் 'பக்' என்ற டிசைன் ஸ்டுடியோவுடன் சேர்ந்து 'அலெக்ரியா' என்ற படத் தொகுப்பை உருவாக்கியது. ஸ்பானிஷ் மொழியில் இதற்கு மகிழ்ச்சி என்று பொருள். நீளக் கை கால்கள், சின்னத் தலை, நீலம், ஊதா போன்ற நிஜத்தில் இல்லாத தோல் நிறங்கள் ஆகியவை இதன் அடையாளம். எந்த நாட்டு மனிதர் என்று சொல்ல முடியாத உருவமாக இருந்தால், உலகம் முழுக்க ஒரே படத்தைப் பயன்படுத்தலாம் இல்லையா?

மற்ற நிறுவனங்களும் அதே பாணியில் இறங்கின. விளைவு, எந்தப் படம் யாருடையது என்றே தெரியாத நிலை. இந்தப் பாணிக்குக் கிண்டலாக வந்த பெயர்தான் 'கார்ப்பரேட் மெம்ஃபிஸ்'. 1981-ல் இத்தாலியின் மிலன் நகரில் எத்தோரே சொட்சாஸ் தலைமையில் 'மெம்ஃபிஸ்' குழு தன் முதல் கண்காட்சியை நடத்தியது. அடிக்கும் நிறங்கள், வினோத வடிவங்களில் மேஜை, அலமாரி, விளக்கு செய்து எல்லோரையும் அதிர வைத்த குழு அது. அந்தக் கலகக்காரர்களின் பெயர், கடைசியில் சலிப்பூட்டும் கம்பெனி படங்களுக்குப் பட்டமாகிவிட்டது.

கம்பெனிகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

முதல் காரணம், எடை. போட்டோ என்பது லட்சக்கணக்கான புள்ளிகளின் தொகுப்பு. ஃபிளாட் படத்தையோ 'எஸ்விஜி' என்ற வடிவில், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, என்ன நிறம் என்ற குறிப்புகளாகவே சேமிக்கலாம். ஃபைல் சின்னது, நெட் மெதுவாக இருந்தாலும் சட்டென வரும். சின்ன ஃபோனிலும் பெரிய டிவியிலும் உடையாமல் தெரியும்.

இரண்டாவது, அசைவு. 2017-ல் ஏர்பிஎன்பி நிறுவனம் 'லாட்டி' என்ற கருவியை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கனமான வீடியோ இல்லாமலே படத்தை ஆட வைக்கும் கருவி இது. காகிதத்தை வெட்டி நிழல் படங்களாக அசைத்த ஜெர்மானிய அனிமேஷன் முன்னோடி லோட்டே ரைனிகரின் நினைவாக வைத்த பெயர்.

மூன்றாவது, செலவு. மாடல், கேமரா, லைட் எதுவும் வேண்டாம். பேட்டியில் பேசவே கூச்சப்படும் சின்ன நிறுவனம்கூட சிரித்த முகத்தோடு மக்கள் முன் நிற்கலாம்.

அப்போ எல்லோரும் இதையே எடுத்துக்கலாமா?

இங்கேதான் கவனம் தேவை. சிரிப்புப் படம் எல்லா இடத்திலும் சிரிப்பு இல்லை.

அமெரிக்காவின் ராபின்ஹுட் பங்கு வர்த்தக ஆப் இதற்கு நல்ல உதாரணம். அதில் முதல் முறை பங்கு வாங்கினால் திரை முழுக்கக் கலர் காகிதத் துண்டுகள் கொட்டும். பார்க்க ஜாலிதான். ஆனால் போவது சொந்தப் பணம். முதலீட்டை விளையாட்டு போலக் காட்டி அனுபவமில்லாதவர்களை இழுக்கிறது என்று 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள் புகார் பதிவு செய்தார்கள். 2021 மார்ச்சில் அந்தக் காகித மழையை நிறுவனம் நிறுத்தியது. 2024 ஜனவரியில் இந்தப் புகார் உட்பட மாநிலத்துடனான இரண்டு விவகாரங்களை 75 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

ஆக, கேள்வி படம் அழகா இல்லையா என்பது மட்டும் அல்ல. அந்த நொடியில் திரைக்கு முன்னால் இருப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதும்தான்.

தேர்வு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

1. எந்தத் திரையில் வருகிறது? வரவேற்புத் திரை, காலியான கூடை, பாடம் முடித்ததற்குப் பாராட்டு - இங்கெல்லாம் குறும்பு பொருந்தும். பணம் கட் ஆகி ரசீது வரவில்லை, கடன் தவணை தவறியது, ரத்தப் பரிசோதனை முடிவு - இங்கே துள்ளும் பொம்மை வந்தால் எரிச்சல்தான் வரும். அங்கே தெளிவான வாக்கியமும் உதவி எண்ணும் போதும்.

2. உங்களுக்கென ஒரு விதி இருக்கிறதா? டூயோலிங்கோவின் பச்சை ஆந்தையைத் தூரத்திலேயே அடையாளம் தெரிகிறது. வட்டம், முனை மழுங்கிய செவ்வகம், முனை மழுங்கிய முக்கோணம் என மூன்றே வடிவங்களை அடிப்படையாக வைத்துத்தான் அதன் உலகம் வரையப்படுகிறது. மெயில்சிம்ப் 2018-ல் எதிர்த்திசையில் போனது. கிறுக்கியது போன்ற கைக்கோடுகளும் மஞ்சள் நிறமும் அதன் முகமாகின. இரண்டுமே ஜாலிதான், ஆனால் ஒன்றை மற்றொன்றாக நினைக்கவே முடியாது.

3. இலவசப் படம் எடுக்கிறீர்களா? 'அன்ட்ரா' போன்ற தளங்களில் முதன்மை நிறத்தை மாற்றி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு நல்ல வசதி. ஆனால் அதே படம் போட்டி நிறுவனத்தின் பக்கத்திலும் இருக்கலாம். உரிம விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

4. வெயிலில் தெரிகிறதா? வெளிர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும், பஸ் ஸ்டாப் வெயிலில் மாயமாகும். அர்த்தம் சொல்லும் படங்களுக்குப் பின்னணியோடு குறைந்தது 3:1, சாதாரண எழுத்துக்கு 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன சர்வதேச இணைய அணுகல் விதிகள். எளிய சோதனை: ஃபோனைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால் பாஸ்.

5. படத்துக்குள் எழுத்து இருக்கிறதா? வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடிவது தமிழில் 'பணம் செலுத்துக' என நீளும். படத்துக்குள் எழுத்தைப் பூட்டிவிட்டால், மொழி மாற்றும்போது படத்தையே திரும்ப வரைய வேண்டும்.

6. படத்தில் யார் இருக்கிறார்? ஊதாத் தோல் எல்லோரையும் குறிக்கும் என்பது கணக்கு. ஆனால் யாருடைய சாயலும் இல்லாத முகத்தில் யாரும் தன்னைப் பார்ப்பதில்லை. ஆப்பைப் பயன்படுத்தப் போவது காய்கறிக் கடைக்காரர் என்றால், லேப்டாப்போடு பீன் பேக்கில் சாய்ந்திருக்கும் இளைஞர் படம் 'இது உனக்கில்லை' என்றே அவருக்குச் சொல்லும்.

டிரெண்ட் முடிந்துவிட்டதா?

முப்பரிமாண பொம்மைகள், கைவரைவு, ஏஐ படங்கள் எனப் பல பாணிகள் போட்டிக்கு வந்துவிட்டன. ஆனாலும் எடை குறைவு, தெளிவு என்ற இரண்டு பலன்கள் இருக்கும் வரை ஃபிளாட் படங்கள் அவ்வளவு சீக்கிரம் போகாது. அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைந்தவை மறந்துபோகும். பயனாளரைப் பார்த்து வரைந்தவை நிற்கும்.