ஒத்தியங்காத் தொடர்பில் கோரிக்கையும் மறுமொழியும்: யுபிஐ செய்தி எண்களை முன்வைத்து

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டில் ஒருவர் சாமை வாங்கிக் கைபேசிச் செயலி வழியாகப் பணம் செலுத்துவதாகக் கொள்வோம். கோரிக்கை சென்ற பின் இணைப்பு அறுபடுகிறது. பணம் சேர்ந்ததா என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மீண்டும் அனுப்பினால் இருமுறை கழியுமோ என்னும் ஐயம் எழுகிறது. மறுமொழியை அதற்குரிய கோரிக்கையோடு மென்பொருள் எவ்வாறு பொருத்துகிறது என்பதைப் பொறுத்தே இவ்வையம் தீரும்.

ஒத்தியங்கு முறையில் நிரல் மறுமொழி வரும்வரை காத்து நிற்கும். ஒத்தியங்கா முறையில் பல கோரிக்கைகள் ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும். மறுமொழிகள் வரிசை மாறி வரும். வந்த வரிசையைக் கொண்டு பொருத்தும் நிரல் ஆய்வகத்து விரைவான இணைப்பில் பெரும்பாலும் தேறிவிடும். அதுவே அதன் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இட்டு, காத்திருப்பு அட்டவணையில் குறித்து, மறுமொழி அவ்வெண்ணைத் திருப்பித் தருமாறு அமைக்கின்றனர். டிஎன்எஸ் நெறிமுறையில் இது 16 பிட் எண். அவ்வெண்ணை ஊகித்துப் போலி மறுமொழியைப் புகுத்த முடியும் என்பதை டான் காமின்ஸ்கி 2008இல் வெளிப்படுத்தினார்.

2016இல் அறிமுகமான யுபிஐயில், வங்கித் தரப்பு மையத்துக்கு அனுப்பும் கோரிக்கைக்கு உடனே கிடைப்பது ஒப்புகை மட்டுமே. முடிவு பின்னர்த் தனிச் செய்தியாக வரும். அச்செய்தி தனக்குரிய செய்தி எண்ணோடு, எக்கோரிக்கைக்கு மறுமொழியோ அதன் செய்தி எண்ணையும் தனிப் புலத்தில் சுமந்து வரும். இவற்றினும் வேறானது பரிவர்த்தனை எண். ஒரு கொடுப்பனவு தொடங்கி முடியும்வரை எத்தரப்பிலும் அது மாறாது.

செய்தி எண், பரிவர்த்தனை எண் ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதுவதே வடிவமைப்பில் பெரும்பிழை. முன்னது, வந்திருப்பது எக்கேள்விக்கு விடை என்று காட்டுகிறது. பின்னது, கேட்கப்பட்ட செயல் எது என்று காட்டுகிறது. காலவரம்பு கடந்ததும் செயலி புதிய பரிவர்த்தனை எண்ணுடன் மீண்டும் அனுப்பினால், சேவையகம் அதனை இரண்டாவது கொடுப்பனவாகவே கொள்ளும். அவ்வாறு கொள்வது சேவையகத்தின் குற்றமும் அன்று. பழைய பரிவர்த்தனை எண்ணைச் சுட்டி அதன் நிலையை வினவுவதற்கு யுபிஐயில் தனிச் செய்தியே உண்டு.

காலவரம்பு கடந்த பதிவை அட்டவணையிலிருந்து உடனே அழிப்பதும் தவறு. அழித்தால், தாமதமாக வரும் மறுமொழி உரியவர் இன்றிக் கைவிடப்படும். அதே எண் மறுபடி வழங்கப்பட்டிருந்தால் வேறொரு கோரிக்கையோடு பொருந்திவிடும். ‘காலம் கடந்தது’ என்று குறித்துப் பதிவைச் சில காலம் வைத்திருக்கவேண்டும். அதுவரை புதூர்நாட்டு வாடிக்கையாளரின் திரையில் ‘தோல்வி’ என்று காட்டாது ‘நிலுவை’ என்றே காட்டவேண்டும். கோரிக்கை தோற்றதாகச் சொல்ல அந்நேரத்தில் செயலியிடம் எந்தச் சான்றும் இல்லை.