குடல்வாயும் இடக்கரடக்கலும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

தமிழிலக்கண நூலார் தகுதி வழக்கை மூவகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றற்கு இடக்கரடக்கல் எனப் பெயரிட்டனர். அவையிற் கூறத்தகாததைப் பிறிதொரு சொல்லாற் குறிப்பித்தலே அது. 'வெளிக்குப் போய்வருகிறேன்', 'கால் கழுவி வருகிறேன்' என நாம் நாளும் வழங்கும் தொடர்கள் அதன்பாற்படும். இடக்கரடக்கலைச் சொல்லாது விடுதலாக மயங்குவோர் உளர். உண்மையில் அது சொல்வதற்கு ஒரு வழி காணும் முயற்சியாகும். மலங்கழித்தலைப் பற்றிப் பேசவேண்டிய தேவை மனிதருக்கு உண்டென்பதை உணர்ந்தமையாலேயே நம் முன்னோர் அதற்கென ஒரு வாயிலைத் திறந்து வைத்தனர். ஆயின், வயிற்றிற் சத்திரசிகிச்சையால் அமைக்கப்பட்ட ஒரு திறப்பின் வழியே மலங்கழிப்பவர் தம் நிலையைப் பிறர்க்கு எடுத்துரைக்க நம் வழக்கில் நிலைபெற்ற சொல் எதுவுமில்லை. அடக்கிக் கூறவும் சொல்லில்லை. வெளிப்படக் கூறவும் சொல்லில்லை. பதுளை வைத்தியசாலையிலிருந்து பசறைக்கோ மடுல்சீமைக்கோ பஸ்ஸேறித் தம் லயத்துக்குத் திரும்பும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு மௌனமே எஞ்சுகிறது. அம்மௌனத்தால் விளையும் தீங்குகள் சிலவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பொருளை விளக்குவோம். பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்று தோன்றிய விடத்தும், குடல் அடைபட்ட விடத்தும், விபத்தினாற் குடல் கிழிந்த விடத்தும், குதவாயின்றிக் குழந்தை பிறந்த விடத்தும், சத்திரசிகிச்சை வைத்தியர் குடலின் ஒரு முனையை வயிற்றின் மேற்புறத்துக்குக் கொணர்ந்து தோலுடன் தைத்துவிடுவதுண்டு. பெருங்குடலிலிருந்து அமைப்பது கொலொஸ்டொமி. சிறுகுடலின் இறுதிப் பகுதியிலிருந்து அமைப்பது இலியொஸ்டொமி. சிறுநீரை வெளியேற்ற அமைப்பது யூரொஸ்டொமி. அத்திறப்புக்கு ஸ்டோமா என்பது பெயர். அக்கிரேக்கச் சொல்லின் பொருள் 'வாய்' என்பதே. ஆதலின் அதனைக் குடல்வாய் என வழங்குதல் பொருந்தும் என்பது எம் கருத்து. பெயர்க்குத் தக்கவாறே அது வாயின் உட்புறம் போலச் சிவந்தும் ஈரமாயும் இருக்கும். தொட்டால் நோவதில்லை, நோவை உணரும் நரம்புகள் அங்கில்லை. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிதல் இயல்பே. இதனை அறியாது அஞ்சி, கழுவாமலே விடுவோர் உண்டு. கருநீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறினும், வயிற்று நோவும் வாந்தியும் தோன்றி மலம் வெளிவராது நின்றுவிடினும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சிலருக்கு இவ்வமைப்பு தற்காலிகமானது. சில மாதங்களின் பின் குடலை மீளப் பொருத்துவர். மற்றையோருக்கு அது வாழ்நாள் முழுதும் உடனிருப்பது.

இது நேற்றுத் தோன்றிய முறையன்று. 1710இல் லித்ரே என்னும் பிரெஞ்சு வைத்தியர் இவ்வாறு செய்யலாமென எடுத்துரைத்தார். 1793இல் பிரெஸ்ட் நகரில் டியூரே என்பவர், குதவாயின்றிப் பிறந்த ஒரு சிசுவுக்கு அதனைச் செய்தார். அச்சிசு நாற்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தது. எனினும் சத்திரசிகிச்சை முன்னேறிய அளவுக்கு அதன்பின் வரும் வாழ்க்கையைப் பற்றிய கவலை முன்னேறவில்லை. துணியும் தகரப்பேணியும் இறப்பர்ப் பையுமே நெடுங்காலம் துணையாயின. 1954இல் டென்மார்க்கில் எலிசே சொரென்சன் என்னும் தாதி, குடல்வாய் அமைக்கப்பெற்ற தன் தங்கை கசிவுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறாதிருப்பதைக் கண்டு, தோலில் ஒட்டிப் பின் எறிந்துவிடக்கூடிய பையொன்றை எண்ணிக் கண்டாள். உலகெங்கும் இன்று வழங்கும் பைகள் அவ்வெண்ணத்தின் வழிவந்தவை. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரிலோ, 1958இல் டேர்ன்புல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தம்மிடம் இலியொஸ்டொமி பெற்ற நோர்மா கில் என்னும் பெண்மணியையே ஏனைய நோயாளருக்கு வழிகாட்ட அமர்த்தினார். வைத்தியக் கல்வி இல்லாத அவ்வம்மையாரிடமிருந்தே குடல்வாய்ப் பராமரிப்பு ஒரு தனித் தொழிற்றுறையாக வளர்ந்தது. தங்கையின் துயரைக் கண்டவளும் தாமே அனுபவித்தவருமே இத்துறையில் வழி திறந்தனர் என்பது கருதத்தக்கது. மும்பாயில் 1975இல் தோன்றிய இந்திய அமைப்பும், 1993 முதல் ஒக்டோபர் மாதத்து முதற் சனிக்கிழமையிற் கொண்டாடப்பெற்ற உலக தினமும் இவ்வழியில் வந்தவையே.

இனி ஊவாவுக்கு வருவோம். நூல்களிற் காணும் அறிவுரைகள் தனிக் குளியலறையும் குழாய்நீரும் உடையோரை எண்ணி எழுதப்பட்டவை. ஊவாத் தோட்டங்களில் இன்னும் பல குடும்பங்கள் பழைய லயத்திலேயே வாழ்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி எனச் சொல்லப்படும் ஒரு காம்பராவும் அதன் முன்னே ஒரு சிறு விறாந்தையும். அடுத்த காம்பராவிற் பேசுவது இங்கே கேட்கும். நீருக்குப் பீலி, மலகூடம் பலர்க்கும் பொது. அத்தகைய இடத்தில் ஒரு தாய் இருக்கிறாளென வைத்துக்கொள்வோம். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் உறங்கும் அதே காம்பராவில் அவள் பையை மாற்றவேண்டும். மருமகளிடம் சொல்லாதிருக்க இயலுமா? சொல்லாதிருக்க முயல்வதனாலேயே அவள் விடியுமுன் இருளில் எழுந்து, ஒட்டும் தட்டைச் செவ்வையாக அளவிடாது, ஈரத்தோலின் மேல் ஒட்டிவிடுகிறாள். ஈரத்தோலில் பசை நில்லாது. கசியும், கசிந்தால் தோல் புண்ணாகும், புண்மேற் பசை இன்னும் ஒட்டாது. இச்சுழலுக்குக் காரணம் நோயன்று, இருள்.

செய்ய வேண்டுவது கடினமானதன்று. பீலிநீரே போதும், தனிப்பட்ட மருந்துநீர் எதுவும் வேண்டா. சுற்றியுள்ள தோலை வெறும் நீராற் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி நன்கு உலரவிடவேண்டும். தட்டில் வெட்டும் துளை குடல்வாயினும் இரண்டொரு மில்லிமீற்றர் மட்டுமே பெரிதாயிருத்தல் வேண்டும். முதல் ஆறெட்டு வாரங்களிற் குடல்வாய் சுருங்குமாதலின், வைத்தியசாலையில் வெட்டித்தந்த அளவையே பின்னரும் வெட்டிக்கொண்டிருத்தல் தவறு. ஹப்புத்தளை போன்ற குளிர்ந்த இடங்களில் தட்டு விறைத்துப்போகும். ஒட்டுமுன் இரு கைகளுக்கிடையே சிறிது நேரம் வைத்துச் சூடேற்றுதல் நன்று. அதே மாகாணத்தில், கீழே வெல்லவாயவின் வெம்மையில் வியர்வையாற் பசை விரைவில் இளகும். அங்கே அடிக்கடி மாற்ற நேரும். பைகளை அடுப்பங்கரையில் வைத்தலாகாது. மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்கிவிட்டால் பாரத்தால் தட்டு கழன்றுவிழாது. குந்தியிருக்கும் மலகூடத்திற் பையை வெறுமையாக்குமுன் சிறிது நீரை ஊற்றிக்கொண்டால் தெறிக்காது. வெறுமையாக்கிக் கழுவிய பழைய பையைப் பொதிந்து குப்பையோடு சேர்த்தல் வேண்டும். மலகூடக் குழியில் எறிந்தால் அது அடைபடும். பீலியிற் குளிப்பதற்குத் தடையேதுமில்லை. குடல்வாயினுள் நீர் புகுமென்னும் அச்சம் ஆதாரமற்றது.

தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறல்வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழையினின்றும் தேயிலைக் கிளைகளினின்றும் காத்துக்கொள்ள இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவர். கயிற்றை இறுக்கிக் கட்டுவர். இடுப்பளவு நிற்கும் செடிகளை வயிற்றால் தள்ளிக்கொண்டே நிரையில் முன்னேறுவர். முதுகிலே கூடை; அதன் கயிறு தலையிலே. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், ஒரு பேருக்குப் பதினாறு பதினெட்டுக் கிலோ கொழுந்து எதிர்பார்க்கப்படுவது வழக்கம். இந்நிலையில், குடல்வாய் எவ்விடத்தில் அமைகிறது என்பது அவள் மீண்டும் மலைக்குச் செல்வாளா, வீட்டோடு முடங்குவாளா என்பதைத் தீர்மானிக்கும் ஒன்றாகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளியை நிற்கவும் இருக்கவும் குனியவும் செய்து, மடிப்பும் தழும்பும் இடுப்புப் பட்டியும் படாத இடத்தைக் குறித்தல் நன்முறையென எல்லா நூல்களும் கூறும். ஊவாவிலே அக்குறி இடும்போது படங்கையும் கட்டிப் பார்த்தல் வேண்டுமென நாம் சொல்லுவோம். கவ்வாத்து வெட்டும் ஆண்களின் இடுப்புப் பட்டிக்கும் இது பொருந்தும். அடைப்பு முற்றி நள்ளிரவில் வருபவருக்கு இவ்வாறு குறித்துப் பார்க்க நேரமிராது. ஆனால் எல்லோரும் நள்ளிரவில் வருவதில்லை. 'நான் கொழுந்தெடுப்பவள், இங்கே கயிறு கட்டுவேன்' என்று அவள் சொன்னாலன்றி வைத்தியர் அறியார். அவள் சொல்லுதற்கு யாரேனும் கேட்டிருத்தல் வேண்டும்.

பாரந் தூக்குதலை முதல் ஆறெட்டு வாரமேனும் முற்றாகத் தவிர்க்கவேண்டும்; பின்னரும் அளவோடு தூக்கவேண்டும். இன்றேல் குடல்வாயின் அருகே குடல் பிதுங்கும். ஆகவே மேற்பார்வையாளரிடம் இலகுவேலை கேட்கவேண்டி வரும். கேட்பதற்குக் காரணம் கூறவேண்டி வரும். கூற நாணிப் பழைய வேலைக்கே செல்வோரும், கூற நாணி வேலையையே விடுவோரும் இழப்பது நாட்சம்பளத்தை. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பெற்ற அச்சம்பளத்தில், இறக்குமதியாகும் பைகளை வெளியே வாங்கும் வீடு எவ்வாறு சமாளிக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துப் பொருள்களே கிடையாது நாடு தவித்ததை யாவரும் அறிவர்.

உணவைப் பொறுத்தவரை கொலொஸ்டொமி உடையோர் பெரும்பாலும் முன்போலவே உண்ணலாம். கோவா, முட்டை, வெங்காயம், பருப்பு முதலியன காற்றையோ மணத்தையோ மிகுவிக்கலாம். அவரவர் பார்த்து விலக்கிக்கொள்ளலாம். இலியொஸ்டொமி உடையோரின் நிலை வேறு. பலாக்காய், சோளம், தேங்காய்ப்பூ ஆகியன நன்கு மெல்லப்படாவிடின் திறப்பை அடைத்துவிடக்கூடும். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அன்றாட உணவாயுள்ள தோட்டங்களில் இவ்வெச்சரிக்கை அவசியமானது. அவர்களுக்கு வெளியேறுவது நீர்த்தன்மையானதாகலின் உப்பும் நீரும் விரைந்து இழக்கப்படும். வெறுந்தேநீர் மட்டும் பருகுதல் போதாது. உப்பிட்ட கஞ்சி நன்று.

கோயிலுக்குச் செல்லலாமோ, தீட்டாகுமோ என்னும் ஐயமும் எழுவதுண்டு. எல்லோர் வயிற்றிலும் உள்ளதே இவர் பையிலும் உள்ளது. செவ்வையாக ஒட்டிய பையிலிருந்து மணம் வெளிவருவதுமில்லை. திருவிழாக் காலத்தில் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு இதிற் காரணம் எதனையும் நாம் காணவில்லை. திருமணமும் மகப்பேறும் கூட இதனால் தடைப்படுவன அல்ல.

ஈற்றில் மொழியைப் பற்றி. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இற் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளெனப் பிரகடனஞ் செய்யப்பட்டன. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அவருடைய மகனோ மகளோ ஆவர். தந்தையின் மலத்தைப் பற்றி மகள் வைத்தியரிடம் சிங்களத்திற் கூற நேரும்போது, கேள்வியும் பாதியாகும், விடையும் பாதியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, 1867இல் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் வெளியிட்டார். முழு நூலையே எழுத முடிந்த மொழியில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதுதல் இயலாததன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனை மேற்கொள்ளலாம். ஆனால் அதனை எழுதுவோர் 'உதரப்புறத் துவாரம்' போன்ற சொற்களைக் கைவிட்டு, காம்பரா, பீலி, படங்கு, பேர் என்னும் சொற்களாலேயே எழுதவேண்டும். எழுதியபின், அச்சேற்றுமுன், கொழுந்தெடுக்கும் ஒருவரிடம் படித்துக் காட்டி, எந்த வரியில் அவர் முகத்தைத் திருப்புகிறார் என்று பார்த்து, அவ்வரியை அவரையே சொல்லச் செய்து எழுதிக்கொள்ளவேண்டும்.