வெயில் ஊர்ல ஓடுற காருக்கு கூலண்ட் எதுக்கு?

"நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது? ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தினா போதும்." முதல் கார் வாங்கினவங்க பலர் காதுல விழுற அறிவுரை இது. லீவுக்கு குன்னூர் போற பிளான் இருந்தா, இந்தச் சிக்கனம் எங்கே கையைக் கடிக்கும்னு முதல்ல பார்த்துடுங்க.

மலை ஏறும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 35 கிலோமீட்டர். அதுக்குள்ள கார் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுது. கல்லாறு தாண்டினா சின்ன கியர்தான். இன்ஜின் அதிகமா உழைக்கும். வேகம் குறைவா இருக்கிறதால ரேடியேட்டருக்குக் காத்து குறையும். வெளியே குளிர், உள்ளே கொதிப்பு!

சமவெளியில 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, குன்னூர் உயரத்துல 94 டிகிரி கிட்டயே கொதிக்கும். கூலண்டும் தண்ணியும் சரிபாதி கலந்தா கொதிநிலை சுமார் 7 டிகிரி கூடும். ரேடியேட்டர் மூடி, குக்கர் மாதிரி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சு அதை இன்னும் உயர்த்தும்.

அதைவிட முக்கியம் துரு

சூட்டை எடுத்துட்டுப் போறதுல தண்ணி கெட்டிக்காரன்தான். ஆனா உப்புத் தண்ணி உள்ளே படியும், துருப்பிடிக்க வைக்கும், வழியை அடைக்கும். கூலண்ட்ல துருவைத் தடுக்கிற ரசாயனம் இருக்கு. அதுவும் நாளாக நாளாகத் தீரும். அதனாலதான் மாத்தச் சொல்றாங்க.

இப்போ கணக்கு

ஒரு உதாரணம்: 3 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த ₹1,500 ஆகுதுன்னு வைங்க. மாசம் ₹42தான். இன்ஜின் சூடாகி ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட் போச்சுன்னா ₹25,000 பில்னு வைங்க. அது 50 வருஷத்து கூலண்ட் செலவு!

"இன்சூரன்ஸ் இருக்கே?" சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், ஓவர்ஹீட் அதுல வருதான்னு வாசகத்தைப் படிச்சுப் பாருங்க.

கிளம்பும் முன்

• இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டப்பாவில மின், மேக்ஸ் கோட்டுக்கு நடுவுல அளவு இருக்கான்னு பாருங்க.
• மேனுவல்ல சொன்ன வகையை மட்டும் ஊத்துங்க. கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டர்ல கலக்கணும். பிரீமிக்ஸ்னா அப்படியே ஊத்தலாம்.
• வழியில முள் சிவப்புக்குப் போனா ஏசியை அணைச்சு, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்க. சூட்டோட மூடியைத் திறக்கவே கூடாது.
• அவசரத்துக்குத் தண்ணி ஊத்தினா, ஊர் திரும்பினதும் கழுவிட்டு கூலண்ட் நிரப்புங்க.

சம்பளம் வந்ததும் இஎம்ஐ, பெட்ரோல் எல்லாம் எழுதுறீங்கல்ல? அதுக்குக் கீழே "கார் பராமரிப்பு"ன்னு ஒரு வரி சேருங்க. அந்த ₹42 அங்கேதான் வரணும்.