சக்கரமும் காவலும்

பகைவர் மதிலை வளைத்தலை உழிஞை என்றும், மதிலகத்திருந்து அதனைக் காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் நூலார் வகுத்துரைப்பர். இவற்றைப் பயிலுங்கால், இவை பண்டை மன்னரோடு ஒழிந்த செய்திகள் என்றே யான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, சென்ற ஆண்டு ஒரு பொறியியற் கல்லூரியிற் கண்ட ரோபோ கால்பந்துப் போட்டியாகும். தமிழ் மாணவன் பொறிகளைப் பற்றி எழுதப் புகுவது மிகையெனச் சிலர் கருதக்கூடும். அறிந்ததை எளிய முறையிற் கூறுவதே என் நோக்கமாதலின், நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

என் தம்பி பாலிடெக்னிக்கில் பயில்பவன். அவனும் நண்பர் மூவரும் மூன்று திங்கள் உழைத்து ஒரு பொறியை அமைத்தனர். முன்னும் பின்னுமேயன்றி, நண்டு போலப் பக்கத்தேயும் செல்லவல்ல சக்கரம் நான்கு அதற்குப் பூட்டியிருந்தனர். எங்கள் வீட்டு முற்றத்தில் அது ஓடிய அழகைக் கண்டு தெருவே வியந்தது. போட்டியில் எதிரணியார் கொணர்ந்ததோ, ரப்பர்ச் சக்கரம் பூட்டிய தாழ்ந்ததொரு பெட்டி. அப்பெட்டி நேரே வந்து எம் பொறியின் விலாவில் முட்டியது. எம் பொறி வழுக்கிச் சென்று சுவரோரம் ஒதுங்கியது. பந்து ஒரு முழ தூரத்திற் கிடந்தும் அதனைத் தொட இயலவில்லை. இரவிற் பேருந்தில் நாகர்கோவிலுக்குத் திரும்புகையில், “மோட்டார் வலுவில்லை அண்ணே” என்று தம்பி வருந்தினான். குற்றம் மோட்டாரின் மேலதன்று என்பதைப் பின்னரே கற்றறிந்தோம். கற்றதை ஈண்டுக் கூறுவேன்.

முதற்கண் இப்போட்டிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989 ஆம் ஆண்டில் நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, 1992 இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் மாணவர்க்கான முதற் போட்டியை நடத்தியது. இக்காலத்து அதன்கண் மூன்று அணியார் ஒருபுறமும் மூன்று அணியார் மறுபுறமுமாக நின்று ஆடுவர். நம் கண்டத்தில், ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தார் ரோபோகான் என்னும் போட்டியை 2002 இல் டோக்கியோவிற் தொடங்கினர். ஆட்டத்தை வகுப்பது அவ்வாண்டு போட்டியை ஏற்று நடத்தும் நாடாகும். 2022 இல் அது புதுதில்லியில் நடந்தபோது, நாம் சிறுபருவத்தில் ஆடிய ஏழுகல் ஆட்டத்தை ஒத்த லகோரியே ஆட்டமாயிற்று. கல்லடுக்கும் பொறியின் தலைமேல் ஒரு பந்து இருக்கும். எதிரணிப் பொறி பந்தெறிந்து அதனை வீழ்த்த முயலும். 2025 இல் உலான்பாத்தரில் பொறிகள் கூடைப்பந்தாடின. இவ்வாட்டங்களில் எல்லாம் வெல்ல முயல்வோனுக்குள்ள இடம், மறிப்போனுக்கும் உண்டு.

மறித்தல் எதனால் அமைகின்றது? திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அம்முறையே இதனை ஆராய்வதற்கும் ஏற்றதாம்.

வலியாவது யாது? மோட்டாரின் வலியே பொறியின் வலி என்பது பலர் கொள்ளும் பிழை. நம் நாஞ்சில் நாட்டு வயல்களில் டிராக்டர் உழுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். எஞ்சின் எத்துணை வலியதாயினும், சேற்றில் ரப்பர்ச் சக்கரம் நின்றவிடத்தே சுழலும். அது கருதியே இரும்புக் கேஜ் வீல் பூட்டுகின்றனர். தரை பற்றுமளவே பொறி தள்ளும். அதற்கு மேற்பட்ட மோட்டார் வலியெல்லாம் சக்கரத்தை வீணே சுழற்றும். அப்பற்று இரண்டால் அமையும்: ஒன்று பொறியின் எடை; மற்றொன்று சக்கரத்திற்கும் தரைக்கும் உள்ள உராய்வு. எடையொத்த இரு பொறிகள் நேர்நேர் முட்டின், உராய்வு மிக்கதே வெல்லும்.

பற்சக்கர அமைப்பும் ஈண்டு எண்ணற்பாலது. மேட்டில் ஏறும் பேருந்தை ஓட்டுநர் முதற் கியரில் இடுவது போல, விரைவைக் குறைத்துத் தள்ளும் வலியைக் கூட்டலாம். ஆயின் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பொறி சுவரை முட்டி நிற்குங்கால், மோட்டார் நின்றுபோகுமுன் சக்கரம் வழுக்கவேண்டும். சக்கரம் வழுக்காது மோட்டார் நின்றுவிடின், மின்னோட்டம் மிகுந்து அது சூடேறிக் கெடும். சக்கரம் வழுக்கும் நிலையை எய்தியபின், மேலும் விரைவைக் குறைத்தலாற் பயனில்லை.

இனித் திரும்பும் முறை. சுசீந்திரத்துத் தேர் வீதி மூலையில் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அதன் சக்கரங்கள் நேரே ஓடுவன. ஒருபுறச் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இட்டு வடத்தை இழுக்க, மறுபுறம் முன்னேறித் தேர் திரும்பும். ரப்பர்ச் சக்கரப் பொறியும் இத்தகையதே. இடப்புறச் சக்கரங்கள் முன்னும் வலப்புறச் சக்கரங்கள் பின்னுமாகச் சுழல, பொறி நின்றவிடத்தே திரும்பும். அப்பொழுது சக்கரங்கள் பக்கத்தே தேய்ந்து இடர் செய்யும். அதனை நீக்க, ஆறு சக்கரம் அமைத்து நடுச்சக்கரம் இரண்டையும் சில மில்லிமீட்டர் தாழ்த்துவர். அங்ஙனம் செய்யின் ஒரு வேளையில் நான்கு சக்கரமே தரையில் ஊன்றும், திரும்புதல் எளிதாம், பற்றும் குறையாது.

தம்பியின் பொறியிற் பூட்டியவை மெக்கானம் சக்கரங்கள். சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெங்ட் இலோன் என்பார் 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் இதனைக் கண்டறிந்தார். சக்கர விளிம்பில் 45 பாகை சாய்வாகச் சிற்றுருளைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் உருளையும் தன் அச்சின் வழியே மட்டும் தரையைப் பற்றும், குறுக்கே உருண்டுவிடும். ஆதலின் முன்னோக்கித் தள்ளுங்கால் விசையின் ஒரு பகுதி இடமும் வலமுமாக ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நூற்றுக்கு எழுபது பங்களவே பயன்படும். உருளைகள் வழவழப்பான பிளாஸ்டிக்காயின் அதுவும் குன்றும். எத்திசையும் செல்லும் உரிமைக்குப் பற்றே விலையாகின்றது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி திருப்பும் ஸ்வெர்வ் அமைப்பு இரண்டு நலனும் உடையது. எனினும் சக்கரம் ஒன்றிற்கு இரண்டு மோட்டார் வேண்டுதலின், பொருட்செலவும் பழுதும் மிகும்.

இரண்டாவது காலம். எதிரணிப் பொறி ஒருமுறை சென்று மீண்டு இலக்கடைய 12 நொடி ஆகுமெனக் கொள்வோம். 120 நொடியில் அது 10 முறை வெல்லும். முறைக்கு 3 நொடி தாமதிப்பிப்பின், 8 முறையே வெல்லும். அஃதாவது, நம் காவலின் பயன் இரண்டு முறை. அதே 120 நொடியில் நம் பொறி தானே நான்கு முறை வெல்லவல்லதாயின், அதனைக் காவலில் நிறுத்தியது இழப்பேயாம்; ஒருமுறைதான் வெல்லுமாயின், காவலே ஊதியம். எனவே கூட்டாக ஆடும் ஆட்டத்தில் காக்க வேண்டுவது, தானே வெல்லும் ஆற்றல் குறைந்த பொறி. பகைப்பொறியை என்றும் அமுக்கிவைத்தலும் ஆகாது. ஃபர்ஸ்ட் போட்டியின் 2024 ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பொறியை நகரவொட்டாது 5 நொடிக்கு மேல் நெருக்குதல் தண்டத்திற்குரிய குற்றம். வேண்டுமென்று கவிழ்த்தலும் சிதைத்தலும் அவ்வாறே.

மூன்றாவது இடம். இதற்கு நம்மூர்க் கிளித்தட்டே ஆசான். மறிப்பவன் தன் கோட்டை விட்டு ஓடான். புகவேண்டியவன் எவ்வழி வருவான் என்று நோக்கி அவ்வழியில் நிற்பான். காவற்பொறியும் பகைப்பொறியின் பின்னே அலையாது, அதற்கும் இலக்கிற்கும் இடையே நிற்றல் வேண்டும். முட்டவேண்டின் விலாவின் நடுவே முட்டுதல் நன்று. ஆங்குத்தான் எதிரியின் சக்கரங்கள் எதிர்த்துத் தள்ள இயலா. அங்ஙனம் முட்டப்பட்டோன் எதிர்த்து நின்று மோட்டாரை வருத்தாது, முட்டிய இடத்தையே அச்சாகக் கொண்டு சுழன்று நழுவுதல் அறிவுடைமை.

இவற்றைக் கற்றபின் தம்பியின் குழுவினர் அழகிய சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு ரப்பர்ச் சக்கரமும் தாழ்ந்த உடலும் உடைய புதுப்பொறி அமைத்தனர். அதன் ஓட்டத்தைக் காணத் தெருவார் ஒருவரும் வந்திலர். இவ்வாண்டுப் போட்டியிலும் அவர்கள் முதற்பரிசு பெற்றாரல்லர். மூன்றாம் சுற்றில் ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றனர். ஆயினும் எவராலும் சுவரோரம் ஒதுக்கப்பட்டிலர். திரும்பும் வழியில் தம்பி மோட்டாரைக் குறை கூறவில்லை. அடுத்த ஆண்டுக்கு எவ்வகை ரப்பர் நல்லது என்பதையே ஊர் வருமளவும் பேசினான்.

காவல் என்பது களத்தில் தோன்றும் வீரம் மட்டுமன்று. போட்டிக்குப் பல திங்கள் முன்னரே, பட்டறையில் எச்சக்கரம் பூட்டுவது என்று துணியும் பொழுதே, அதன் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது. பார்ப்போர் வியக்கும் ஓட்டத்தை வேண்டுவதா, தரையைப் பற்றி நிற்கும் உறுதியை வேண்டுவதா என்பதை எண்ணித் துணிவோர், தோற்பினும் தோல்வியின் காரணத்தை அறிவர். அறிந்தோர்க்கு அடுத்த ஆண்டும் உண்டு.