மின்விசிறி விழுங்கும் குரல்

லேப்டாப்பை மேஜைமேல் வைத்து வெளியூரில் இருக்கும் மகனோடு பேசுகிறீர்கள். "ஒண்ணும் புரியலப்பா" என்கிறான். உடனே நாம் செய்வது, மைக் வால்யூமை 100-க்கு ஏற்றுவது. பெரும்பாலும் பலன் இருக்காது. குரல் எவ்வளவு ஏறுகிறதோ, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் இரைச்சலும் அவ்வளவே ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். இதைத்தான் சிக்னல்-நாய்ஸ் விகிதம் என்கிறார்கள்.

இரைச்சல் எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி மறைப்பதில்லை. ஓர் ஒலியின் அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள இரைச்சலே அதை அதிகம் மறைக்கிறது என்று பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சர் 1940-ல் காட்டினார். (நீங்கள் கேட்கும் எம்பி3 பாடல்களும் இந்தக் குறையை நம்பியே பிழைக்கின்றன. சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட் பிடிக்கும் பாட்டு 128-ல் அடங்குகிறது என்றால், எப்படியும் காதுக்கு எட்டாத விவரங்களைக் கழித்துவிடுவதே முக்கியக் காரணம்.)

பேச்சில் உயிரொலிகள் வலுவானவை, தப்பித்துவிடும். க, த, ப போன்றவை கண நேரமே ஒலிப்பவை. முதலில் அடிபடுவது அவைதான். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் மறுமுனையில் ஒன்றுபோலவே கேட்கும். ஊர்க்கதை பேசும்போது விட்டுப்போனதை ஊகித்துக்கொள்ளலாம். மருந்தின் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஊகிக்க முடியுமா?

அதே அறையில் இருக்கும் உங்கள் மனைவிக்கு மட்டும் எப்படித் தெளிவாகக் கேட்கிறது? இரண்டு காதுகளுக்கு இடையிலான சிறு வித்தியாசத்தை வைத்து மூளை குரலையும் இரைச்சலையும் பிரித்துக்கொள்கிறது. மகனுக்குப் போவதோ எல்லாம் கலந்த ஒரே ஒலி.

செலவில்லாத வழி, தூரத்தைக் குறைப்பது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 60 செ.மீ.யை 15 ஆக்கினால் 12 டெசிபல். மின்விசிறி இரைச்சல் அப்படியே இருக்கும். ஹெட்செட் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்; மூச்சுக்காற்று மோதாது.

ஜூம் போன்றவற்றில் இரைச்சலை நீக்கும் வசதியும் உண்டு. சீராக நீடிக்கும் ஒலியை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஆன்லைன் பாட்டு வகுப்பில் தம்புராவையும் சேர்த்து அமுக்கிவிடக்கூடும்! அப்போது 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை ஆன் செய்யுங்கள்.

இன்றே விண்டோஸின் ரெக்கார்டரில் சோதித்துப் பாருங்கள். மின்விசிறி ஓட, மைக் தொலைவில் 10 நொடி; அருகில் 10 நொடி. இரண்டிலும் சொல்ல வேண்டியது: கட்டு, தட்டு, பட்டு.