குதிரைக்கு வழுக்காத பனி வண்டிக்கு மட்டும் எப்படி வழுக்குகிறது?

மயிலாப்பூர் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பனிச்சறுக்கு வண்டி ஒன்றின் மேல் மூன்று மாடி உயரத்துக்கு மரத்தடிகள் அடுக்கியிருக்கின்றன. முன்னால் இரண்டே குதிரைகள். ‘144 டன்! இன்றைய லாரிகள் தோற்றன!’ என்று கீழே ஒரு வரி. இது உண்மையா என்று கேட்பவர், கூடவே இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறார்: இரண்டு குதிரை இவ்வளவு இழுக்குமென்றால், நொச்சிக்குப்பத்தில் ஒரு ஃபைபர் படகை மணலில் ஏற்ற டிராக்டர் எதற்கு?

முதலில் படம். அது போலி இல்லை. 1893ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எடுத்தது. நெஸ்டர் என்பவரின் மரவெட்டு முகாமில் சிகாகோ உலகக் கண்காட்சிக்காகவே அடுக்கிய சுமை. அதாவது, பிறந்தபோதே விளம்பரம். ஆனால் அந்த 144 டன் எனக்கு இடிக்கிறது. அந்த அடுக்கில் சுமார் 36,000 போர்டு அடி மரம் இருந்ததாகக் கணக்கு. ஒரு போர்டு அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். 12ஆல் வகுத்தால் 3,000 கன அடி, அதாவது 85 கன மீட்டர். இது அறுத்தபின் கிடைக்கும் பலகையின் அளவுதான். அறுப்பில் கழியும் தூளையும் சிராயையும் பட்டையையும் தாராளமாகச் சேர்த்து இரண்டு மடங்காக வைத்துக்கொள்வோம். வெட்டிய ஈரத்தோடு இருக்கும் வெள்ளைப் பைன் மரம் கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டித்தான் வரும். எப்படி இழுத்துப் பிடித்தாலும் 100 டன்தான் தேறும். மிச்சம் 44 டன் மிகைப்படுத்தல்.

ஆனாலும் 100 டன் கொஞ்சமா? இழுவிசையைப் பாருங்கள். நன்றாக உறைந்த பனிக்கட்டிமேல் இரும்பு சறுக்கும்போது உராய்வுக் குணகம் 0.02 அளவுக்கு இறங்கும். 100 டன்னை நகர்த்த 2 டன் விசை போதும். 800 கிலோ எடையுள்ள இழுவைக் குதிரை சில விநாடிகளுக்குத் தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான விசையைக் கொடுக்கும். இரண்டு குதிரை, லேசான இறக்கம், கொஞ்ச தூரம் என்றால் நடக்கக்கூடியதுதான். தினப்படி வேலைக்கு இந்தக் கணக்கு உதவாது. நாள் முழுக்க வேலை செய்யும் மிருகம் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையில்தான் இழுக்கும், அது குதிரையோ காளையோ. அப்படிப் பார்த்தால் பனிப்பாதையில் ஒரு ஜோடிக்கு 8 டன் நியாயமான சுமை. அதுவே மயிலாப்பூரில் ஓடிய ஜட்காக் குதிரைக்குப் பொறாமை வரவழைக்கும் கணக்கு.

அந்தப் பாதையும் சும்மா கிடந்த பனியல்ல. மரவெட்டு முகாம்களில் இரவில் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய சறுக்குவண்டி ஒன்று போகும். பாதையின் இரண்டு தடங்களிலும் தண்ணீர் விட்டுக்கொண்டே போக, விடிவதற்குள் அது கண்ணாடியாக உறைந்துவிடும். காலையில் சுமைவண்டியின் அடிச்சட்டங்கள் அந்தத் தடத்தில் போகும்.

சரி, பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? ‘அழுத்தத்தால் உருகி நீராகிறது’ என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். உருகுநிலையை 1 டிகிரி இறக்க சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அகலமான அடிச்சட்டம் கொண்ட வண்டி அந்த அழுத்தத்தில் ஒரு துணுக்கைத்தான் கொடுக்கும். மைனஸ் 15 டிகிரியிலும் வண்டி ஓடுகிறதே, அது இந்த விடையில் அடங்காது.

வரலாற்றைக் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு என்றார் ஃபாரடே, 1850ல். உராய்வின் வெப்பம்தான் உருக்குகிறது என்றார்கள் பௌடனும் ஹியூஸும், 1939ல். 2025ல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று கணினி உருவகத்தில் வேறொரு படம் காட்டியது. அழுத்தமும் வேண்டாம், வெப்பமும் வேண்டாம், மூலக்கூறுகளின் மின்முனைகள் எதிர்ப்படும் பொருளின் மின்முனைகளோடு இழுபறி செய்வதிலேயே படிக அடுக்கு குலைந்துவிடும் என்று. உடனே 200 ஆண்டு நம்பிக்கை தகர்ந்ததாகச் செய்திகள். எதுவும் தகரவில்லை. பட்டியலில் இன்னொரு காரணம் சேர்ந்தது, அவ்வளவே.

எனக்குப் பிடித்தது ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பான் குழு 2018ல் அளந்து காட்டியது. அதைப் புரிந்துகொள்ள, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவுக்குப் போக வேண்டும். தெரு நடுவில் மாட்டியவரை நாலு பக்கமும் நாலு பேர் நெருக்குகிறார்கள். திரும்பக்கூட முடியாது. பனிக்கட்டிக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுக்கும் இதே கதி: நாலு பிணைப்பு, அசைய வழியில்லை. கடைப்படிக்கட்டு ஓரம் நிற்பவருக்கோ ஒரு பக்கம் ஆளில்லை. இரண்டு, மூன்று பிடிதான். இடித்தால் சுழன்று அடுத்தவர்மேல் சாய்வார், அங்கிருந்து இன்னொருவர்மேல். மேற்பரப்பு மூலக்கூறு இப்படித்தான் பிடி மாற்றி மாற்றி உருள்கிறது. அந்த ஓரமாக ஒருவர் ஜவுளி மூட்டையைத் தேய்த்துத் தள்ளிக்கொண்டு போனால், நிற்பவர்கள் உருண்டு உருண்டே மூட்டையை நகர்த்திவிடுவார்கள். குளிர் என்பது இங்கே போலீஸ் கெடுபிடி. மைனஸ் 100 டிகிரியில் ஓரத்தில் நிற்பவர்களும் வரிசையில் விறைத்து நிற்கிறார்கள், மூட்டை நகராது. கெடுபிடி தளரத் தளர ஓரம் உருளத் தொடங்குகிறது. மைனஸ் 7 டிகிரி வாக்கில் வழுக்கல் உச்சம். அதற்கும் மேலே சூடேறினால் நடுத்தெருவே இளகிப்போய் மூட்டை கூட்டத்துக்குள் புதைகிறது. புதைந்தால் உழ வேண்டும், உழுதால் விசை கூடும்.

அந்தப் புதைதலில்தான் குதிரையின் பிழைப்பு இருக்கிறது. வண்டிக்கு வழுக்கும் தரை குதிரைக்கும் வழுக்கினால் யாரும் எங்கும் போக முடியாது. உராய்வு பரப்பளவைப் பொறுத்ததல்ல என்று பாடப்புத்தகம் சொல்லும். பனிக்கட்டிமேல் அந்த விதி ஓரளவுக்குத்தான். அழுத்தம் பனிக்கட்டியின் கடினத்தைத் தாண்டாதவரை பொருள் மேலே வழுக்கும். தாண்டினால் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும். பான் குழு இதை 2021ல் விரிவாகவே அளந்தது. லாடம் கட்டுகிறவருக்கு இது முன்பே தெரியும். குளிர்காலத்தில் அவர் லாடத்தில் கூரான இரும்பு முளைகளைப் பொருத்துவார். அரை டன்னுக்கு மேற்பட்ட எடை சில முளைகளின் நுனியில் இறங்குகிறது. பனி உடைகிறது, பிடி கிடைக்கிறது. இழுவைக் கயிறு குதிரையின் தோளிலிருந்து தாழ்வாக வண்டிக்குப் போவதும் இதே காரியத்துக்கு உதவுகிறது. கயிறு வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் மேலே தூக்குகிறது, குதிரையைக் கொஞ்சம் கீழே அழுத்துகிறது. வண்டியிலிருந்து எடுத்த எடை குளம்பில் பிடியாகிறது.

பனியே விழாத நம் ஊரிலும் இந்த வண்டி உண்டு, சக்கரம் இல்லாமல், மாடு பூட்டி. பரம்பு! நடவுக்கு முன் தொளியடித்த வயலில் நீளப் பலகையைக் கட்டி, மேலே ஆள் ஏறி நின்று, ஜோடி மாட்டை ஓட்டிச் சமன்படுத்துவார்கள். தஞ்சைப் பக்கம் இப்போது டிராக்டர் பின்னால் போகிறது. பலகைக்கு அடியில் நீர்ப்படலம், மாட்டுக் குளம்புக்கு அடியில் சேறு. தண்ணீர் குறைந்தால் சேறு பலகையைக் கவ்வும். கூடினால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மடையை எவ்வளவு திறப்பது என்பதிலேயே பாதி வேலை. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஊன்றும்போது விரிந்து பிடிக்கும். தூக்கும்போது ஒடுங்கி, இடுக்கில் காற்று புகவிட்டு, உறிஞ்சும் சேற்றிலிருந்து கழன்றுவரும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, சேற்றில் அது அடைப்பான் மாதிரி சிக்கும். நஞ்சை உழவுக்குக் குதிரை வராததற்குத் தீனிச் செலவு மட்டும் காரணமல்ல.

நொச்சிக்குப்பத்துப் படகுக்கு இரண்டு வசதியும் இல்லை. காய்ந்த மணல் படகின் முன்னால் குவிகிறது, படகு அதை உழுதுகொண்டே ஏற வேண்டும். இழுக்கிறவர் காலும் அதே மணலில் சரிகிறது. மணலில் சரியான அளவு ஈரம் இருந்தால் இழுவிசை பாதியாகக் குறையும் என்று பான் குழுவே 2014ல் அளந்திருக்கிறது. மணல்மணிகளை நீர்ப்பாலங்கள் இறுக்குவதால் குவியல் எழாது. பழைய எகிப்தின் ஜெகுதிஹோதெப் கல்லறை ஓவியத்தில் பிரமாண்டமான சிலை ஏற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். அது சடங்கு என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். இருந்திருக்கலாம். ஊற்றியவருக்கு இரண்டும் தெரிந்திருந்தால் யாருக்கு நஷ்டம்? மெரினாவில் அலை தொட்ட ஈரமணலில் நடை சுலபமாவதும் இதனால்தான். ஆனால் படகை ஏற்ற வேண்டிய மேட்டில் அந்த ஈரம் கிடையாது, ஆகவே டிராக்டர்.

வாசகர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: இவ்வளவு வழுக்கும் வண்டியை நிறுத்துவது யார்? சறுக்குவண்டிக்கு பிரேக் இல்லை. இறக்கத்தில் 8 டன் பின்னாலிருந்து தள்ளினால் முதலில் நசுங்குவது குதிரை. அதனால் முகாம்களில் இறக்கந்தோறும் ஓர் ஆள் உண்டு, தடத்தில் வைக்கோலோ மணலோ தூவிவிட. கூடத் தூவினால் வண்டி நட்டநடுவில் நின்றுவிடும், குறைத்தால் குதிரை போச்சு. மயிலாப்பூரில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் ஓடும் கபாலீசுவரர் தேருக்குச் சக்கரம் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. மாடவீதி மூலையில் சக்கரம் உருள்வதை விட்டுவிட்டு பக்கவாட்டில் தேய்ந்து திரும்ப வேண்டும், அதாவது தேர் சறுக்குவண்டியாக மாற வேண்டும். அதைச் செய்துவைப்பவர்கள் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கட்டையைச் செருகி எப்போது உருவுவது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வடம் பிடிப்பவர்களை விட்டுவிட்டு, முடிந்தால் அவர்கள் கையைப் பாருங்கள்.